சுபேதாரின் மாலை நடை

நயினாரே,

நேற்று என் மகன் ஒரு சின்ன மெஷின் வாங்கி வந்தான். விரல் நுனியில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்து, ஊசியால் ஒரு குத்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினால் உடம்பில் எவ்வளவு சர்க்கரை என்று அது நம்பராகச் சொல்லிவிடுகிறது. நம்பர் என்ன என்று நான் பார்க்கவில்லை. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே நான் செஞ்சி பஜாரில், கம்பவுண்டர் அறையில் இருந்தேன். விளக்கு எரிகிறது. கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் கொதிக்கிறது. உன் சிறுநீரில் சில சொட்டு அதில் விழுந்திருக்கிறது. நீ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் முகத்தோடு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

நீலம் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் பரவாயில்லை. மஞ்சளானால் ஜாக்கிரதை. உனக்கு முதல் தடவையே செங்கல் நிறம் வந்தது. கம்பவுண்டர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னா நயினாரே, உள்ள சூளையே போட்டுக்கினு இருக்கீங்களே" என்றார். நீ சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இந்த மடல் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்கிற வயசு எனக்கு முடிந்துவிட்டது. உன் உயிர், ஒரு நாயின் பின்னால் நீ நடந்த நடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நடை ஏன் நின்றது என்பது சாகிற வரைக்கும் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ வாய்விட்டுக் கேட்டபோதும் நான் சொல்லவில்லை.

டாக்டர் தினம் மூன்று மைல் நடக்கச் சொன்னார். நீயா நடப்பாய்? நீ நிலக்கடலை வியாபாரம் பார்த்த மல்லாட்டை மண்டியிலிருந்து உன் வீடு கூப்பிடு தூரம். அதற்கே ஒற்றை மாட்டு வண்டி பூட்டச் சொன்னவன் நீ. "நீங்களாவது கூடப் போங்கண்ணா" என்று உன் வீட்டம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். தாலுக்கா ஆபீசில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த குமாஸ்தா நான். சோம்பேறிக்குத் துணை இன்னொரு சோம்பேறி. நாம் இருவரும் நடக்கக் கிளம்பினால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சு வரைக்கும் போவோம். அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு, "இன்னிக்கு இம்மாந்தான்யா" என்று நீ எழுந்திருப்பாய். நானும் சரி என்பேன். இப்படி ஒரு வருஷம் நடந்தோம், அதாவது நடக்காமல் இருந்தோம்.

அப்புறம் சுபேதார் வந்தது. கோட்டையில் வாச்சராக இருந்த பெரியவருடைய நாய் அது. பெயர் வைத்ததும் அவர்தான். ஒண்டிக்கட்டை மனுஷர், யாரோடும் பேசமாட்டார். பொழுது சாயும் நேரம் நாயோடு உள்ளே போய் ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வருவார். வீட்டுக்குப் போகும் வழியில் உன் மண்டியில் ஒரு கை மல்லாட்டை வாங்கி, பாதியைத் தான் தின்று பாதியை நாய்க்கு உரித்துப் போடுவார். அந்த ஐப்பசி மழையில் ஜுரம் கண்டு போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக வந்தவன் வெளிச்சம் இருக்கும்போதே பூட்டிவிட்டு சைக்கிளில் பறந்துவிடுவான். நாய் சில நாள் கோட்டை வாசலிலேயே கிடந்தது. பிறகு ஒரு மாலை அஞ்சரை மணிக்கு உன் மண்டிக்கு வந்து, உன் வேட்டி நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றது.

உங்கள் ஜாதியில் நாய் வளர்ப்பது வழக்கமில்லை. மாமிசம் தின்கிற பிராணியை வீட்டில் சேர்க்கலாமா என்று உன் பங்காளிகள் கேட்டார்கள். "எங்க வூட்டுல அது மோர்சோறுதான் சாப்புடுது. அதுவும் பொழுது சாயறதுக்கு முன்னாடி. உங்களைவிட அது நல்ல ஜைனன்" என்று நீ சொன்னது அந்தத் தெருவில் ரொம்ப நாள் ஓடியது. அது உண்மையும்கூட. ஐந்து மணிக்கு நீ சாப்பிட உட்காருவாய், நாய்க்கும் தட்டு வைப்பார்கள். அஞ்சரைக்கு அது வாசற்கதவைப் பிராண்ட ஆரம்பிக்கும். கதவைத் திறக்கிற வரைக்கும் நிறுத்தாது.

"டாக்டருக்குச் சாக்குச் சொல்லலாம். உனக்குச் சொல்லவே வேணாம், நீயே எடுத்துக் குடுப்ப. இதுங்கிட்ட கால் வலிக்குதுன்னு சொன்னா என் மூஞ்சையே பாத்துக்கினு நிக்குதுய்யா, நான் இன்னா பண்ணட்டும்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாய். ஆனால் போனாய். மழை தூறினாலும் குடையைப் பிடித்துக்கொண்டு போனாய். பஜாரைத் தாண்டி, திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை வரைக்கும் போய், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, இருட்டுவதற்குள் திரும்பினாய். பொங்கலுக்குள் குழாயில் மஞ்சள் வந்தது. சித்திரையில் பச்சை வந்தது. ஆடியில் ஒருநாள் நீலம் அப்படியே நின்றது. கம்பவுண்டர் நம்பாமல் இன்னொரு தடவை கொதிக்கவைத்துப் பார்த்தார். உன் தொப்பை கரைந்து வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் உனக்குப் புது உயிர் வந்திருந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கூட நானும் வருகிறேன் என்று ஒருநாள் ஒட்டிக்கொண்டேன். வராமலே இருந்திருக்கலாம்.

கோட்டைக்கு மேலே நிற்கிற ராஜகிரி மலை அந்த நேரத்தில் கறுத்துவிடும். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாரும் இறங்கிப் போயிருப்பார்கள். சுவர்களுக்குள்ளே ஒரு காற்று மட்டும் போகிற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சுபேதார் சங்கிலி இல்லாமல் முன்னால் போயிற்று. கல்யாண மகால் முன்னால் உட்கார்ந்தது. பூட்டிக் கிடந்த இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு, ஒரு ஆள் சாவி எடுத்துக் கதவைச் சாத்திப் பூட்டுகிற நேரம் வரைக்கும் அசையாமல் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி, ஆள் முகம் இருக்கிற உயரத்தில் பார்த்தது. வாலை இரண்டு தடவை ஆட்டியது. எழுந்து நடந்தது. கோயில் கோபுர வாசலிலும் அப்படியே செய்தது. நீயும் அது உட்காரும்போது நின்றாய், எழுந்தபோது நடந்தாய். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். நாய் ஓர் ஓரமாகவும் நீ ஓர் ஓரமாகவும் நடந்தீர்கள். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

"யோவ், அங்க யாருக்கு வழி வுடற?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும். சுபேதார் வுடுது, நானும் வுடறேன்" என்றாய். கேலியா நிஜமா என்று உன் குரலில் எப்போதுமே கண்டுபிடிக்க முடியாது.

நெற்களஞ்சியத்தின் முன்னால் நாய் மூன்றாவது தடவை உட்கார்ந்தது. பூட்டு விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது நயினாரே. பழைய இரும்புப் பூட்டு வாய் மூடுகிற 'டக்' என்கிற சத்தம். உன்னைப் பார்த்தேன். நீ மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கிட்டே போய்க் கதவைப் பார்த்தேன். துருப்பிடித்த பூட்டு, புது வாச்சர் எப்போதோ பூட்டிவிட்டுப் போனது. அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று அந்த மூலைக்கு வராது. சுபேதார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேலே அண்ணாந்து வாலை ஆட்டிவிட்டுக் கிளம்பியது. திரும்பி வரும்போது ரோடு வரைக்கும் நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தேன். "பயந்தாங்கொள்ளி கிளார்க்கு" என்று நீ மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தாய்.

சிரிப்பு உன்னோடு போயிற்று, பயம் என்னோடு தங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து உன் வீட்டம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நேத்து சாப்பிட உக்காந்தவரு பக்கத்துல இன்னொரு எலை போடுன்றாரு. யாருக்குன்னு கேட்டா, வாச்சர் கூடவே வர்றாரு, பாவம் பசியா இருப்பாருன்றாரு. அந்த நாயும் வெறும் எடத்தைப் பாத்து வாலை ஆட்டுது. அது எங்க வூட்டுக்காரரை எங்கியோ இட்டுக்கினு போவுதுண்ணா. எனக்குத் தூக்கமே இல்ல."

நான் அவளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? குழாயில் நீலம் நிற்பதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ இலை போடச் சொன்னது விளையாட்டாக இருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பூட்டுச் சத்தத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்படி கேட்டாள். எங்கே என்று தன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அடிக்கக் கூடாது, பசியோடு விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே வழிதான் தெரியும். பேய் பிசாசு தொற்றியது எதுவானாலும் அமாவாசையன்று மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மனுஷரை அழைத்துப் போவார்கள். நாயை அழைத்துப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அமாவாசைக்கு முதல் நாள் நல்ல மழை. அன்றைக்கு மட்டும் நீ நடக்கப் போகவில்லை. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் நீ திண்டிவனத்துக்கு வியாபாரமாகக் கிளம்பிப் போனாய். உன் வீட்டம்மா ஒரு தூக்கில் தயிர்சோறு கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் போட்டுவிடச் சொன்னாள்.

நாயை ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டான். நடந்தேன். வளத்தி வழியாகப் பன்னிரண்டு மைலுக்குக் குறையாது. என் ஆயுசில் நான் நடந்த பெரிய நடை அதுதான். சுபேதாருக்கு அது ஒரு நடை, அவ்வளவுதான். எனக்கு மூச்சு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்தால் அதுவும் பக்கத்தில் உட்காரும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் வேட்டி நுனியைக் கவ்வி இழுக்கும். அன்றைக்கு அது நடுவில் இடம் விடவில்லை. என் காலை உரசிக்கொண்டே வந்தது. எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும், இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று. தோன்றத்தான் செய்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று மேலே நடந்தேன்.

கோயிலில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பூசாரி எலுமிச்சம்பழத்தை நறுக்கி நாயின் தலையைச் சுற்றிப் போட்டார். "வுட்டுட்டு போ. திரும்பிப் பாத்தா கூடவே வந்துடும்" என்றார். ஒரு பூக்காரியின் கடையோரம் தயிர்சோற்றை வைத்தேன். அது சாப்பிடக் குனிந்தபோது சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் புகுந்து பஸ் ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் சங்கிலி சத்தம் போட்டது. பக்கத்தில் இருந்தவர் என் காலடியில் குனிந்து பார்த்துவிட்டு, "நாயி எங்க?" என்று கேட்டார். நாய் எதுவும் இல்லை என்றேன்.

நீ சாயங்காலம் வந்து கேட்டாய். காலையில் வெளியே போனது, திரும்பவில்லை என்று உன் வீட்டம்மா சொன்னாள். நானும் அதையே சொன்னேன். அன்று அஞ்சரை மணிக்கு வாசற்கதவில் பிராண்டுகிற சத்தம் கேட்டது. நீ ஓடிப்போய்த் திறந்தாய். யாரும் இல்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே சத்தம். உனக்கு மட்டும் கேட்டிருந்தால் ஆசையில் கேட்டது என்று சொல்லலாம். உன் வீட்டம்மாவும் கேட்டாள், மூன்றாம் நாள் அங்கே இருந்த நானும் கேட்டேன். அந்தச் சத்தம் வந்ததும் நீ சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டைக்குத் தேடக் கிளம்பிவிடுவாய். நானும் கூட வந்தேன். எவ்வளவு பெரிய கயவன் பார், எங்கே விட்டேன் என்று தெரிந்துகொண்டே இடிந்த சுவர்களுக்கு நடுவில் நின்று, "சுபேதார், சுபேதார்" என்று உன்னோடு சேர்ந்து கத்தினேன். மலை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. கொஞ்சம் தாமதித்துச் சொன்னது, வேறொரு ஆள் கூப்பிடுகிற மாதிரி.

மனசு கேட்காமல், பத்து நாள் கழித்து ஆபீசுக்கு லீவு போட்டு மேல்மலையனூர் போனேன். பூக்காரி ஞாபகம் வைத்திருந்தாள். "சோத்தைத் துன்னுட்டு அப்படியே குந்திக்கினு இருந்துச்சு சாமி. பொழுது சாயற நேரத்துக்கு வெடுக்குன்னு எழுந்து வளத்தி ரோட்டைப் பாத்து ஓடிச்சி. நான் கூப்ட கூப்ட நிக்கல" என்றாள். வழியெல்லாம் விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு அஞ்சரைக்கு உன் கதவைப் பிராண்டியது எது என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அத்தனை மைலை ஒரு நாய் கண் இமைக்கிற நேரத்தில் ஓடி வரமுடியாது. அது மட்டும் தெரியும்.

அந்தத் தேடலில்தான் உன் வலது காலில் கருவேல முள் ஏறியது. ஏறினது உனக்குத் தெரியவே இல்லை, சர்க்கரைக் கால். தேடுவதை நீ விட்ட பிறகு நடையும் நின்றுபோயிற்று. நான் கூப்பிட்டேன். "நீ நில்லுன்னா நின்னுடுவ. அது நிக்காது. அது இல்லாம எதுக்கு நடக்கறது?" என்றாய். குழாயில் நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் செங்கலாயிற்று. முள் ஏறின இடம் கறுத்துப் பாதம் முழுக்கப் பரவியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தாலும் நிச்சயமில்லை என்றார்கள்.

அந்த வார்டில் மாலை வெயில் விழுந்திருந்தது. உன் வீட்டம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "எலை போடச் சொன்னதுக்கு அவ பயந்துட்டாளாமே. வெளாட்டுக்குச் சொன்னேன்யா." அப்புறம் சிரிப்பு நின்றுபோய், கட்டுப் போட்ட காலைப் பார்த்தாய். "அது போறதுக்கு மொத நாளு மழை. வேட்டியைக் கவ்வி இழுத்துச்சு. போ சனியனேன்னு இந்தக் காலாலதான் தள்ளினேன். வாயில்லா ஜீவனைக் காலால தள்ளினேன் கிளார்க்கு. தள்ளின காலுதான் அழுகுது. கோவிச்சிக்கினுதானே போயிடுச்சி, சொல்லு."

ஓர் எறும்பை மிதித்துவிட்டால்கூட அன்று சாப்பிடாதவன் நீ. அந்த வினையை எவ்வளவு முழுசாக நம்பினாய் என்று உன் கண்ணில் தெரிந்தது. அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் உன் வீட்டம்மா என்னாவாள், நான் என்னாவேன் என்று நினைத்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் போய்விட்டாய். உன் வீட்டம்மாவும் நானும் அதைப் பற்றி அவள் சாகும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எனக்கு இப்போது எழுபத்தாறு. உன் நோய் என்னையும் பிடித்து இருபது வருஷம் ஆயிற்று. நான் ஒரு நாள்கூட நடக்காமல் இருந்ததில்லை. மழை, காய்ச்சல், மகன் கல்யாணம், எதற்கும் நிற்கவில்லை. "இந்த வயசுல எப்படிங்க விடாம நடக்கறீங்க?" என்று போன வாரம் டாக்டர் கேட்டார். வீட்டில் நாய் இருக்கிறது, உட்கார விடாது என்றேன். மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நாயே வளர்த்ததில்லை. அஞ்சரைக்கு என் வாசற்கதவில் என்ன கேட்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பயம் போய் ரொம்ப காலம் ஆகிறது. கதவைத் திறக்கிறேன், நடக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் நான் தலையை ஆட்டினேனே, அதுதான் இறங்கமாட்டேன் என்கிறது. கழுத்திலேயே கிடக்கிறது.

அந்த அமாவாசைக் காலையில் உன் வீட்டிலிருந்து நாயைக் கிளப்பியதைப் பற்றி மேலே எழுதாமல் தாண்டிவிட்டேன். எழுதக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் வந்தபோது சுபேதார் உன் வாசற்படியில், நீ பஸ்ஸுக்குப் போன தெருவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழைய செருப்பில் ஒன்றை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்திருந்தது. வலது கால் செருப்பு, நயினாரே. நான் சங்கிலியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. உன் வீட்டம்மா கூப்பிட்டாள், வரவில்லை. தெருமுனையில் யாராவது வெள்ளை வேட்டி தெரிந்தால் எழுந்து நிற்கும், நீ இல்லை என்று பார்த்துவிட்டு மறுபடி உட்காரும். கால் மணி நேரம் இழுத்துத்தான் அந்தப் படியிலிருந்து அதை இறக்க முடிந்தது. கோபித்துக்கொண்ட நாய் அப்படி உட்கார்ந்திருக்காது.